டேட்டாஷீட்டின் அந்த ஒரு வரி: மாட்பஸ், கேன், ஈதர்கேட் எல்லாம் ‘உண்டு’ என்றால் என்ன கிடைக்கிறது?

தொழிற்சாலைக் கருவி ஒன்றை வடிவமைக்க எம்பெடட் புராசசர் (கருவிக்குள்ளேயே பொதிந்து இயங்கும் சிப்) தேடினால் முதலில் கண்ணில் படுவது டேட்டாஷீட்டின், அதாவது சிப்பின் விவரக் குறிப்பேட்டின், முதல் பக்கம்தான். தொழிற்சாலைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் புரோட்டோகால்களை, அதாவது தகவல் பரிமாற்ற விதிமுறைகளை, அங்கே ஒரே வரியில் அடுக்கியிருப்பார்கள்: மாட்பஸ், கேன், புரோஃபிநெட், ஈதர்நெட்/ஐபி, ஈதர்கேட். எல்லாம் ஒரே எழுத்தளவில் இருப்பதால், சிப்பை வாங்கினால் இவை அத்தனையும் ஒரே மாதிரி கிடைத்துவிடும் என்று புதியவர் நினைத்துக்கொள்வது இயல்பு.

உண்மையில் அந்த வரியில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் சிப் செய்யும் வேலை வேறு. மாட்பஸ் உண்டு என்றால், சிப்பில் ஒரு சீரியல் போர்ட் இருக்கிறது, மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று பொருள். கேன் உண்டு என்றால் அதற்கென ஒரு கன்ட்ரோலர் சிலிக்கானிலேயே பதிந்திருக்கிறது. ஈதர்கேட் உண்டு என்றால், சாதாரண ஈதர்நெட் போர்ட்டால் செய்யவே முடியாத ஒரு வேலைக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்று: கெடு. கம்பியில் ஒரு பிட் வந்தால் அதற்கு எவ்வளவு நேரத்துக்குள் எதிர்வினை காட்ட வேண்டும்? மில்லி விநாடிக் கணக்கில் நேரம் இருந்தால் சாதாரண நிரலே போதும். மைக்ரோ விநாடி என்றால் வன்பொருளின் துணை வேண்டும். நானோ விநாடி என்றால் புராசசரின் முக்கிய கோர் (கட்டளைகளை இயக்கும் பகுதி) அந்தப் பக்கமே வரக்கூடாது. எந்தப் புரோட்டோகாலைப் பார்த்தாலும் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் டேட்டாஷீட்டைப் படிப்பது பாதி எளிதாகிவிடும்.

மாட்பஸ்: அவசரமே இல்லாதது

1979-இல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினிகள்) உருவாக்கியது மாட்பஸ். இத்தனை ஆண்டுகள் கழித்தும் மின் மீட்டர், வெப்பநிலைக் கன்ட்ரோலர், மோட்டார் டிரைவ் என்று எதை எடுத்தாலும் பின்பக்கம் இரண்டு திருகுமுனைகளுடன் அது இருக்கிறது. காரணம் எளிமை. யாரும் யாருக்கும் உரிமத்தொகை கட்ட வேண்டாம். ஒரு நாளில் முழுதாகப் புரிந்துகொண்டுவிடலாம்.

ஒரு மீட்டரிடம் இரண்டு ரிஜிஸ்டர்களை (அளவுகள் பதிந்திருக்கும் சிறு நினைவிடங்கள்) கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாட்பஸ் ஆர்டியு முறையில் நாம் அனுப்ப வேண்டியது எட்டே பைட்டுகள்: 1, 3, 0, 0, 0, 2, 196, 11. முதல் 1 என்பது மீட்டரின் முகவரி. 3 என்றால் ரிஜிஸ்டரைப் படி என்ற கட்டளை. அடுத்த இரண்டு பூஜ்ஜியங்கள் எந்த ரிஜிஸ்டரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும், அதற்கடுத்த 0, 2 எத்தனை ரிஜிஸ்டர் வேண்டும் என்பதையும் சொல்கின்றன. கடைசி இரண்டும் சிஆர்சி, அதாவது வழியில் எதுவும் கெடவில்லை என்று சரிபார்க்கும் எண். மீட்டர் ஒன்பது பைட்டுகளில் பதில் சொல்லும். அவ்வளவுதான் உரையாடல்.

ஒரு செய்தி எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? அமைதியை வைத்துத்தான். மூன்றரை எழுத்து அனுப்பும் நேரத்துக்குக் கம்பி சும்மா இருந்தால் செய்தி முடிந்தது என்று பொருள். 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில், ஒரு எழுத்துக்கு 11 பிட் என்று கணக்கிட்டால், அந்த அமைதி ஏறக்குறைய 4 மில்லி விநாடி. 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு மைக்ரோகன்ட்ரோலருக்கு 4 மில்லி விநாடி என்பது கிட்டத்தட்ட மூன்று லட்சம் கடிகாரச் சுழற்சிகள். ஒரு டைமரும் சில வரி நிரலும் இருந்தால் போதும். அதனால்தான் சீரியல் போர்ட் உள்ள எந்த மலிவான சிப்பும் மாட்பஸ் பேசும்.

ஆனாலும் புதியவர்கள் இங்கேதான் பெரும்பாலும் முதலில் மாட்டிக்கொள்வார்கள். மாட்பஸ் வழக்கமாக ஓடும் ஆர்எஸ்-485 கம்பியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். சிக்னலைக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரான்ஸீவர் சிப்பில் டிரைவர் எனேபிள் என்று ஒரு முனை உண்டு. பேசும்போது அதை உயர்த்தி, பேசி முடித்ததும் தாழ்த்த வேண்டும். எப்போது தாழ்த்துவது என்பதில்தான் சிக்கல். சீரியல் போர்ட்டில் இரண்டு விதக் கொடிகள் இருக்கும். ஒன்று, அனுப்பும் ரிஜிஸ்டர் காலியாகிவிட்டது என்று சொல்லும். மற்றொன்று, கடைசி பிட் வரை கம்பியில் போய்விட்டது என்று சொல்லும். முதல் கொடி உயரும் நேரத்தில் கடைசி பைட் ஷிஃப்ட் ரிஜிஸ்டருக்குள்தான் போயிருக்கும், கம்பிக்கு இன்னும் முழுதாக வந்திருக்காது. அந்தக் கொடியை நம்பி டிரைவரை அணைத்தால் சிஆர்சியின் கடைசி பைட் பாதியில் வெட்டுப்படும். மீட்டர் பார்க்கும், கணக்கு பொருந்தாது, பேசாமல் இருந்துவிடும். நிரல் சரி, முகவரி சரி, கம்பி சரி, ஆனால் பதில் மட்டும் வராது. கம்பியில் போகும் பிட்டுகளைப் படமாகக் காட்டும் லாஜிக் அனலைசரை மாட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எஸ்டிஎம்32 வரிசையின் பல சிப்களில் இந்த முனையை சீரியல் போர்ட்டே தானாக உயர்த்தித் தாழ்த்தும் வசதி இருக்கிறது. கம்பி அமைதியாக இருக்கும் நேரத்தை எண்ணிச் சொல்லும் வசதியும் சில மாடல்களில் உண்டு. மாட்பஸ் விஷயத்தில் உருப்படியான ஆதரவு என்று நான் கருதுவது இவற்றைத்தான். முதல் பக்கத்தில் மாட்பஸ் என்று எழுதாமல், உள்ளே நூறாவது பக்கத்தில் இவற்றைக் குறிப்பிட்டிருக்கும் சிப் பல நேரங்களில் மேலானது.

கேன்: ஒரு மைக்ரோ விநாடிக்குள் ஒரு முடிவு

1986-இல் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் பாஷ் நிறுவனம் கேனை அறிமுகப்படுத்தியது. காருக்காகப் பிறந்தாலும், லிஃப்ட், மருத்துவக் கருவி, நெசவு இயந்திரம் என்று பல இடங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. தொழிற்சாலைகளில் அதன் மேல் கேன்ஓபன் போன்ற அடுக்குகள் ஓடும்.

கேனில் தலைமைக் கருவி என்று யாரும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பேசத் தொடங்கலாம். இரண்டு பேர் ஒரே கணத்தில் தொடங்கினால்? ஒருவர் செய்தியின் அடையாள எண் 100, இன்னொருவர் செய்தியின் எண் 200 என்று கொள்வோம். 11 பிட்டில் எழுதினால் 100 என்பது 00001100100. 200 என்பது 00011001000. முதல் மூன்று பிட்டும் ஒன்றே என்பதால் இருவருக்கும் எதிராளி இருப்பதே தெரியாது. நான்காவது பிட்டில் முதலாமவர் 0 அனுப்புகிறார், இரண்டாமவர் 1 அனுப்புகிறார். கேன் கம்பியில் 0 எப்போதும் 1-ஐ அமுக்கிவிடும். இரண்டாமவர் தான் 1 அனுப்பியும் கம்பியில் 0 இருப்பதைப் பார்த்து, அந்த நொடியே விலகிக்கொள்ள வேண்டும். முதலாமவரின் செய்தியில் ஒரு கீறலும் விழாது. அவருக்குப் போட்டி நடந்ததே தெரியாது. கேனின் அழகு முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது.

விநாடிக்கு 10 லட்சம் பிட் என்ற வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் ஒரு மைக்ரோ விநாடி. அதற்குள் அனுப்பி, படித்து, ஒப்பிட்டு, விலகுவதா தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டும். 72 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-எம்3-க்கு இது 72 சுழற்சிகள். இன்டரப்ட் நிரலுக்குள், அதாவது நடக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஓடும் அவசர நிரலுக்குள், நுழையவே 12 சுழற்சிகள் போய்விடும். வேறு எந்த வேலையும் செய்யாமல் இதையே கட்டிக்கொண்டு அழுதால் ஒருவேளை முடியலாம். அப்படி ஒரு சிப்பை வைத்து யாருக்கு என்ன பயன்? அதனால் கேனுக்கு வன்பொருள் கன்ட்ரோலர் தேவை. நிரல் செய்தியை ஒரு பெட்டியில் வைத்துவிட்டுப் போகும். போட்டி, பிழை எண்ணிக்கை, மறுமுயற்சி எல்லாம் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும்.

கன்ட்ரோலர் இருக்கிறது என்றதும் சிறு எழுத்துகளையும் படித்துவிட வேண்டும். எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் யுஎஸ்பியும் உண்டு, கேனும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே 512 பைட் நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் ஒரே நேரத்தில் இரண்டையும் ஓட்ட முடியாது. இஎஸ்பி32-இல் கேன் கன்ட்ரோலர் இருக்கிறது, அங்கே அதன் பெயர் டிவாய். ஆனால் கம்பியில் மாட்ட வெளியே ஒரு டிரான்ஸீவர் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், ஒரே ஒரு போர்டை மேசையில் வைத்து கேனைச் சோதித்துப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். கேனில் செய்தியைப் பெற்றவர் யாராவது அதற்குரிய இடத்தில் ஒரு 0-ஐ வைத்து ஒப்புதல் தர வேண்டும். தனியாக இருக்கும் போர்டுக்கு ஒப்புதல் தர ஆளில்லை. அது அதே செய்தியை முடிவில்லாமல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டாவது போர்டை இணையுங்கள், அல்லது கன்ட்ரோலரைத் தான் அனுப்புவதைத் தானே பெறும் லூப்பேக் முறைக்கு மாற்றுங்கள்.

ஈதர்கேட்: நிற்காமல் போகும் ஃபிரேம்

இனி வருவதுதான் பலரையும் குழப்புவது. சிப்பில் ஈதர்நெட் இருக்கிறதே, ஈதர்கேட்டும் அதே கேபிள்தானே, நிரல் எழுதி ஓட்டிவிட முடியாதா என்ற கேள்வி அடிக்கடி வரும்.

பெக்காஃப் நிறுவனம் 2003-இல் அறிமுகப்படுத்திய ஈதர்கேட்டில் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போலக் கோக்கப்பட்டிருக்கும். தலைமைக் கருவியான மாஸ்டர் ஒரே ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு தகவல் பொதியை, அனுப்பும். அது ஒவ்வொரு கருவியையும் கடந்து, கடைசிக் கருவியில் திரும்பி, மாஸ்டரிடமே வந்துசேரும். கோயிலில் தீபாராதனைத் தட்டு வரிசையில் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். அவரவர் முன்னால் வரும்போது காசைப் போட்டு விபூதியை எடுத்துக்கொள்வார்கள். ஈதர்கேட் கருவியும் ஃபிரேம் தன் வழியாகப் போகும்போதே தனக்கான பிட்டுகளை எடுத்து, தான் சொல்ல வேண்டியதை அதே ஃபிரேமில் எழுதிவிடுகிறது. ஃபிரேம் எங்கும் நிற்பதில்லை.

சாதாரண ஈதர்நெட் போர்ட் இப்படிச் செய்யாது. அது முழு ஃபிரேமையும் வாங்கி, நினைவகத்தில் வைத்து, பிறகுதான் புராசசரைக் கூப்பிடும். 100 மெகாபிட் வேகத்தில் மிகச் சிறிய 64 பைட் ஃபிரேமை வாங்கவே 5 மைக்ரோ விநாடி ஆகும். பெரிய ஃபிரேம் என்றால் 120 மைக்ரோ விநாடிக்கு மேல். ஐம்பது கருவி கொண்ட சங்கிலியில் ஒவ்வொன்றும் இப்படி வாங்கி வைத்து அனுப்பினால், 1 மில்லி விநாடிக்கு ஒரு முறை எல்லா மோட்டார்களுக்கும் கட்டளை போக வேண்டும் என்ற திட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஈதர்கேட் கருவிக்குள் ஃபிரேம் தங்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மைக்ரோ விநாடி, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: இந்தக் கட்டாயம் ஸ்லேவ் கருவிகளுக்கு, அதாவது மாஸ்டர் சொன்னபடி நடக்கும் சங்கிலிக் கருவிகளுக்கு, மட்டும்தான். மாஸ்டர் ஃபிரேமை அனுப்புவதும் திரும்ப வாங்குவதும் மட்டுமே செய்வதால் அதற்குச் சாதாரண ஈதர்நெட் போர்ட்டே போதும். லினக்ஸ் கணினியில் எஸ்ஓஇஎம் என்ற திறந்தமூல நிரலை வைத்து மாஸ்டரை ஓட்டலாம். ஆகவே டேட்டாஷீட்டில் ஈதர்கேட் என்று இருந்தால் மாஸ்டரா ஸ்லேவா என்று பாருங்கள். மாஸ்டர் என்றால் அதில் அந்தச் சிப்பின் பெருமை ஒன்றும் இல்லை.

ஸ்லேவுக்கு என்ன வழி? பழைய வழி, வெளியே ஒரு தனிச் சிப். பெக்காஃபின் ஈடி1100, மைக்ரோசிப்பின் லேன்9252 ஆகியவை அப்படிப்பட்டவை. கம்பியில் நடக்கும் நானோ விநாடி வேலையை அந்தச் சிப் செய்யும். எடுத்த தகவலைத் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். உங்கள் மைக்ரோகன்ட்ரோலர் சிப்களுக்கு இடையிலான எஸ்பிஐ என்ற இணைப்பு வழியாக நிதானமாக வந்து படித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த நினைவகம்தான் முழு அமைப்பின் உயிர். அதன் ஒரு பக்கம் கம்பியின் கெடு, மறு பக்கம் உங்கள் நிரலின் கெடு. அடுத்த வழி, அதே பகுதியை மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே கொண்டுவருவது. இன்ஃபினியனின் எக்ஸ்எம்சி4800, ரெனெசாஸின் ஆர்இசட்/டி வரிசை இந்த வகை.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சிட்டாரா வரிசையில், உதாரணமாக ஏஎம்335எக்ஸ் புராசசரில், முக்கியமான கார்டெக்ஸ்-ஏ8 கோரின் பக்கத்தில் பிஆர்யு என்று இரண்டு குட்டி கோர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 200 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றுக்கும் நிரலுக்கு 8 கிலோபைட், தரவுக்கு 8 கிலோபைட். கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தகவலை வைக்கும் வேக நினைவகம்) கிடையாது, பைப்லைன் (பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வெவ்வேறு கட்டங்களில் நகர்த்தும் அமைப்பு) கிடையாது, இன்டரப்ட் வந்து குறுக்கிடாது. கேட்டால் பலவீனமான கோர் போலத் தெரியும். ஆனால் இல்லாத அந்த வசதிகள்தான் இங்கே அதன் பலம். கணக்குக் கட்டளை ஒன்றுக்கு எப்போதும் சரியாக 5 நானோ விநாடி. 5.1 ஆகாது, 4.9 ஆகாது.

இதை ஈதர்நெட்டோடு சேர்த்துப் பாருங்கள். 100 மெகாபிட் ஈதர்நெட்டில் நான்கு பிட்டுகள் 40 நானோ விநாடிக்கு ஒரு முறை சிப்புக்குள் வரும். 40-ஐ 5-ஆல் வகுத்தால் எட்டு. அதாவது ஒவ்வொரு நான்கு பிட்டுக்கும் பிஆர்யுவுக்கு எட்டுக் கட்டளைகள் கிடைக்கின்றன. ஒரு பைட்டுக்குப் பதினாறு. இந்தப் பதினாறு கட்டளைக்குள் பைட்டை எடுத்து, நமக்கானதா என்று பார்த்து, தேவையானால் மாற்றி, வெளியே தள்ள வேண்டும். சிஆர்சி கணக்கு போன்ற சிலவற்றுக்கு வன்பொருள் துணை உண்டு, அதனால்தான் இது சாத்தியமாகிறது. அதே சிப்பில் 1 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடிய கார்டெக்ஸ்-ஏ8-க்கு இந்த வேலை முடியாது. அது வேகமானது, ஆனால் எப்போது வேகம் என்று உறுதி சொல்ல முடியாது. தேவையான தகவல் கேஷில் இல்லை என்றால் வெளி நினைவகத்துக்குப் போய்வருவதற்குள் 40 நானோ விநாடி கடந்துவிடும். மேலே லினக்ஸ் ஓடினால் தாமதம் மைக்ரோ விநாடிகளுக்குப் போய்விடும்.

இந்த வழியின் இன்னொரு நன்மை, பிஆர்யுவில் ஓடுவது நிரல் என்பதால் மாற்றிக்கொள்ளலாம். ஒரே போர்டில் ஈதர்கேட் நிரலை ஏற்றினால் ஈதர்கேட் கருவி; புரோஃபிநெட் நிரலை ஏற்றினால் புரோஃபிநெட் கருவி. ஐரோப்பிய வாங்குநர் ஒன்று கேட்பார், அமெரிக்க வாங்குநர் இன்னொன்று கேட்பார் என்ற நிலையில் இருக்கும் சிறு நிறுவனத்துக்கு இது பெரிய ஆறுதல். தொழிற்சாலைப் புரோட்டோகால்கள் ஒன்றாகச் சேராமல் போனதற்கு நீண்ட சண்டை வரலாறு உண்டு. உலகத் தரமாக 2000-இல் வந்த ஐஇசி 61158 தொகுப்பே ஒன்றுக்கொன்று பொருந்தாத எட்டு வகைகளைச் சேர்த்து வைத்ததுதான்.

இங்கேயும் சிறு எழுத்து இருக்கிறது. பீகிள்போன் பிளாக் போர்டில் இருப்பது ஏஎம்3358. அதிலும் பிஆர்யு உண்டு, ஆனால் ஈதர்கேட் ஸ்லேவ் வசதி இந்த வரிசையில் ஏஎம்3357, ஏஎம்3359 மாடல்களுக்குத்தான். எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்க்காமல் போர்டை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நடுவில் இருப்பவை

புரோஃபிநெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரே பெயரில் இரண்டு விதக் கெடுக்களைக் கொண்டது. அதன் ஆர்டி வகை சில மில்லி விநாடிச் சுழற்சியில் ஓடும். சாதாரண ஈதர்நெட் போர்ட்டும் நல்ல நிரலும் இருந்தால் முடியும். ஐஆர்டி வகையோ 31.25 மைக்ரோ விநாடிச் சுழற்சி வரை போகும். அதற்குச் சீமென்ஸின் எர்டெக் போன்ற தனிச் சிப்போ, மேலே சொன்ன பிஆர்யு மாதிரியான பகுதியோ தேவை. புரோஃபிநெட் உண்டு என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த வகை என்று விற்பவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈதர்நெட்/ஐபி, இணையத்திலும் பயன்படும் வழக்கமான டிசிபி, யுடிபி விதிமுறைகளின் மேல் ஓடுவதால் அடிப்படை அளவில் சிரமம் குறைவு.

சிப்புக்கு மேலே இருக்கும் வேலை

இதுவரை பார்த்ததெல்லாம் கம்பிக்கு அருகில் இருக்கும் அடித்தளம். ஈதர்கேட் கருவி ஒன்று மாஸ்டரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு மேல் ஒரு ஸ்டாக், அதாவது புரோட்டோகாலின் விதிகளை நடத்தும் நிரல் தொகுப்பு, வேண்டும். கருவி முதலில் தொடக்க நிலையில் இருக்கும். பிறகு அமைப்புச் செய்திகளை மட்டும் பேசும் நிலை. பிறகு உள்ளீடுகளைத் தரும், ஆனால் வெளியீடுகளைப் பாதுகாப்பாக முடக்கி வைத்திருக்கும் நிலை. கடைசியாக முழு இயக்கம். நிலையிலிருந்து நிலைக்கு மாஸ்டர் சொன்னபடி மாற வேண்டும், முடியாவிட்டால் சரியான பிழை எண்ணைத் தர வேண்டும். கருவியை விவரிக்கும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பும், ஈதர்கேட் அமைப்பிடமிருந்து பெற்ற நிறுவன எண்ணும் வேண்டும். விற்பனைக்குப் போவதற்கு முன் இணக்கச் சோதனையும் உண்டு.

இந்த ஸ்டாக் எங்கிருந்து வருகிறது, அதன் உரிமம் என்ன, எத்தனை கருவிக்கு எவ்வளவு என்பதைச் சிப் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். சிப்பில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு ஸ்டாக்குக்கு லட்சக்கணக்கில் கொடுப்பது சிறிய நிறுவனத்தைச் சாய்த்துவிடும். எஸ்ஓஇஎஸ் என்ற திறந்தமூல ஸ்லேவ் ஸ்டாக் இருக்கிறது. கற்றுக்கொள்ள நல்லது, ஆனால் பொருளில் வைத்து விற்பதற்கு முன் உரிமத்தை ஒரு முறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? விநாடிக்கு ஒரு முறை மின் அளவு எடுத்தால் போதும் என்றால் ஈதர்கேட் பக்கம் போகவே வேண்டாம். 9600 பாட்டில் ஒரு மீட்டரைக் கேட்டுப் பதில் வாங்க, மீட்டர் யோசிக்கும் நேரத்தை விட்டால், 30 மில்லி விநாடிக்குள்தான் ஆகும். இருபது மீட்டர் வரை ஒரே கம்பியில் தாராளமாக ஓடும். கற்றுக்கொள்ள ஒரு யுஎஸ்பி-ஆர்எஸ்485 மாற்றியும், மாட்பஸ் உள்ள ஒரு மீட்டரும் வாங்குங்கள். முதலில் கணினியிலிருந்து மேலே சொன்ன எட்டு பைட்டுகளை அனுப்பிப் பாருங்கள். மீட்டர் பேசியதும் அதே வேலையை மைக்ரோகன்ட்ரோலரில் எழுதுங்கள். பிறகு கேன் டிரான்ஸீவரோடு இரண்டு போர்டுகள். ஈதர்கேட்டுக்கு வரும்போது கணினியில் எஸ்ஓஇஎம், எதிரில் லேன்9252 உள்ள ஒரு சோதனை போர்டு. கருவி முழு இயக்க நிலைக்கு வர மறுத்தால் கேபிளில் போகும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க் நிரலைத் திறந்து ஃபிரேம்களைப் பாருங்கள். ஈதர்கேட்டைப் பிரித்துக் காட்டும் வசதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. கருவி தரும் பிழை எண்ணும் அங்கேயே தெரியும்.